நேட்டால் பெரியவர்

உத்திரமேரூர் ஏரிக்கரைக் காலனியில் வேதகிரிக்கு இருபத்தொன்பது வயது முப்பத்தோரு வருஷம் நடந்தது. ஊரில் யாரும் இதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. திருப்புட்குழிப் பெருமாள் கோவிலில், பிள்ளை வரம் கேட்டுப் போகும் பெண்கள் மடியில் கட்டிக்கொண்டு படுக்கும் வறுத்த பயறு விடிவதற்குள் முளைத்துவிடுவதைக் கேட்டும் பார்த்தும் பழகிய ஜனங்கள் இவர்கள். ஒருத்தனுக்குத் தலை நரைக்கவில்லை என்பதற்காகக் களையெடுப்பைப் போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்க அவர்களுக்கு நேரமும் இல்லை. "அவனுக்கு இன்னும் வயசாவல" என்பார்கள், அவன் வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை என்று சொல்லும் அதே குரலில். கவலைப்பட்டவள் ஒருத்திதான். அவள் வேதகிரியின் பெண்சாதி சிட்டம்மாள்.

காரணம் ஒரு ஒயின் புட்டி. வேதகிரியின் அப்பன் சின்னப்பையன் இளவட்டத்தில் கப்பல் ஏறி நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனவன். ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாரையும் போல ஊர் திரும்பாமல், தென்னாப்பிரிக்காவின் மறு கோடிக்குப் போய், கேப் டவுன் பக்கத்துத் திராட்சைத் தோட்டம் ஒன்றில் வண்டி ஓட்டினான். ஒருநாள் ஊர் ஞாபகம் வந்து கிளம்பியபோது தோட்டக்கார வெள்ளைக்காரன் அவன் கையில் ஒரு புட்டியைக் கொடுத்தான். வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின். மேலே ஒட்டியிருந்த காகிதத்தில், உச்சியை அரிவாளால் சீவிவிட்ட மாதிரி ஒரு தட்டை மலையின் படம். மற்ற வெள்ளை ஒயினெல்லாம் நாலு வருஷத்தில் கெட்டுவிடும், இது கெடாது, இதற்கு வயசானால்தான் மதிப்பு என்றான் அந்த வெள்ளைக்காரன். நிற்க வைக்காதே, எப்போதும் படுக்க வை, வெளிச்சம் காட்டாதே, சும்மா சும்மா அசைக்காதே என்றும் சொன்னான். தக்கை காய்ந்து சுருங்கிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பேச்சு அது. காரணத்தைச் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை, கேட்கச் சின்னப்பையனுக்கும் தோன்றவில்லை. படுக்க வைப்பது என்றால் நம் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. பாய் வேண்டும், தலைக்கு உயரமாக ஏதாவது வேண்டும், மேலே போர்த்த வேண்டும். சின்னப்பையன் அப்படியே செய்து, புட்டியைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு கடலைக் கடந்தான். கப்பல் ஏறும்போது முகத்தில் இருந்த தாடிதான் மெட்ராஸில் இறங்கும்போதும் இருந்தது, ஒரு நெல்லளவும் வளரவில்லை. நாவிதனுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம் என்று சந்தோஷப்பட்டதோடு அவன் அதை மறந்துபோனான்.

ஊருக்கு வந்தபின் புட்டியை நெல் குதிருக்குள் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தான். அதோடு அந்தக் குதிரில் நெல் பழசாவது நின்றது. சோறு தின்கிறவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். புது நெல்லரிசி குழையும், வயிற்றில் கல் போலக் கிடக்கும். கிடந்து பழசானால்தான் சோறு பொலபொலவென்று உதிரும். சின்னப்பையன் வீட்டிலோ அறுப்புக் கூலியாக வந்த நெல் எத்தனை வருஷம் குதிரில் கிடந்தாலும் நேற்று அறுத்த நெல்லாகவே இருந்தது. அவன் பெண்டாட்டி, இந்த வீட்டுச் சோற்றை வைத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டலாம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அப்படியும் அவன் புட்டியை எடுக்கவில்லை. ஐம்பத்தொன்றாம் வருஷம் சாகக் கிடந்தபோதுதான் மகன் வேதகிரியைக் கூப்பிட்டு, "நம்ம பெரியவர தனியா உடாத. உம் பக்கத்துலயே படுக்க வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். காலனியில் அந்தப் புட்டிக்கு நேட்டால் பெரியவர் என்றே பெயர் விழுந்துவிட்டது.

அப்படித்தான் சிட்டம்மாள் வீட்டுப் பாயில் மூன்று பேர் படுத்தார்கள். நடுவில் வேதகிரி, அவனுக்கு இடது பக்கம் இலவம்பஞ்சுத் தலையணையில் கழுத்தை வைத்துப் பழம்புடவை போர்த்திய பெரியவர், வலது பக்கம் சிட்டம்மாள். குழந்தை அம்முலு பிறந்தபின் அது அவளுக்கு அந்தப் பக்கம் சுவரோரம். முதல் பத்து வருஷம் சிட்டம்மாளுக்குப் பெருமைதான், பொய் சொல்வானேன். மற்றப் பெண்களின் புருஷன்மார் முதுகு வளைந்து கன்னம் ஒட்டிப் போனபோது, இவள் புருஷன் மட்டும் நெல் மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கி வண்டியில் எறிந்துகொண்டிருந்தான். கண் படக்கூடாதென்று வெள்ளிக்கிழமை தோறும் அவனுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அவளுக்கு முதல் நரை வந்தபோது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரித்தாள். பத்தாவது நரையோடு சிரிப்பு நின்றது.

வேதகிரி ஒரு பருவம் கால்வாய் வெட்டுகிற வேலைக்குச் செங்கல்பட்டுப் பக்கம் போய்த் தங்க நேர்ந்தது. திரும்பி வந்தபோது அவன் கண்ணோரத்தில் இரண்டு சுருக்கம் இருந்தது. சிட்டம்மாள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு வாரம் பெரியவருக்குப் பக்கத்தில் படுத்து எழுந்ததும் சுருக்கம் இரண்டும் இருந்த இடம் தெரியவில்லை. அவள் போர்வையை விலக்கிப் புட்டியை உற்றுப் பார்த்து, "ஓகோ, நீதானா?" என்றாள். ஆமாம், அதுதான். தன் பக்கத்தில் கிடக்கிறவனின் வயசையெல்லாம் அது தான் வாங்கிக்கொண்டிருந்தது. ஆதியில் இளநீர் நிறத்தில் இருந்த ஒயின் இப்போது வெல்லப்பாகின் நிறத்துக்குப் பழுத்திருந்தது. விடியற்காலையில் புட்டி இருமியது. மழை வருவதற்கு முன்னால் முனகியது. புரட்டிப் படுக்க வைத்தால் ஒரு பெருமூச்சு விட்டது. குட்டு வெளிப்பட்ட கையோடு அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் அதற்குள் இருந்தது அவள் புருஷனின் வயசு.

எழுபத்து நாலில் மதுவிலக்கு திரும்ப வந்த புதிதில் ஒரு போலீஸ்காரர் சாராயம் தேடிக் காலனியில் வீடு வீடாக நுழைந்தார். இந்த வீட்டில் பாயில் போர்த்திக் கிடந்ததை லத்தியால் விலக்கினார். புட்டி இருமியது. அவர் குனிந்து அதன்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு போர்வையைப் பழையபடி இழுத்துவிட்டு, "பெரியவருக்கு ஜொரம் கீதும்மா. கஞ்சித் தண்ணி குடு, பேஜாரா பூடப் போவுது" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு வெளியே போனார். சிட்டம்மாள் அன்றைக்கே புட்டிக்குத் தைலம் தேய்த்தாள். அதிலிருந்து அவளுக்கும் பெரியவருக்கும் ஒரு பேச்சுத் துணை ஏற்பட்டது. முட்டி வலியைப் பற்றி வேதகிரியிடம் என்ன பேச முடியும்? "வலிக்குதா? எங்க?" என்று கேட்டுவிட்டு, கூழைக் குடித்துக் கிணற்றில் குதித்து நீச்சலடிக்கப் போய்விடுவான். பெரியவரிடம் சொன்னால் அது முனகும். அந்த முனகலில் இருந்த ஒத்தாசை அவளுக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

வலி முட்டியில் மட்டும் இல்லை. ஒருமுறை இருவரும் காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டர் வேதகிரியின் தோளைத் தட்டி, "தம்பி, அம்மாவ அப்டி ஜன்னல் பக்கம் ஒக்கார வை" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். சிட்டம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காஞ்சிபுரம் வரை வெளியே பார்த்துக்கொண்டே போனாள், ஒரு மரம்கூட அவள் கண்ணில் படவில்லை. அம்முலுவை மானாம்பதியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் வந்து அப்பனோடு நின்றால் அண்ணன் தங்கை என்றார்கள். அம்முலுவின் மகள் தாத்தாவை அண்ணா என்றே கூப்பிட்டாள், எத்தனை அதட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. வேதகிரிக்கும் குறை இல்லாமல் இல்லை. அவன் தூக்கி வளர்த்த பையன்களெல்லாம் மீசை நரைத்துக் காலனிக் கூட்டத்தில் நியாயம் பேசினார்கள். இவன் வாயைத் திறந்தால், "நீ சின்னவன், செத்த இரு" என்று அடக்கினார்கள்.

இவர்கள் வேலை செய்த நிலத்துக்காரர் முத்துகிருஷ்ணனுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோதுதான் சிட்டம்மாளுக்கு அந்த ஆசை வந்தது. மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தாள். மணையில் முத்துகிருஷ்ணனும் அவர் சம்சாரமும் இரண்டு நரைத்த தலைகளாக உட்கார்ந்திருந்தார்கள். சல்லடை பிடித்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நனைந்த கிழவர் நடுங்கும் கையால் கிழவிக்குத் தாலி கட்டினார், முடிச்சு விழாமல் திணறினார், கிழவி கழுத்தைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டே கெக்கெக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சிட்டம்மாளின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. வேதகிரிக்கு அறுபது நிறைகிறபோது தனக்கும் அது வேண்டும். அதைவிட, அப்போது பக்கத்தில் ஒரு கிழவன் வேண்டும். இவ்வளவுதான் அவள் இந்த உலகத்தில் கேட்டது.

எண்பத்திரண்டில் அறுபது நிறையப் போகிறது என்று அதற்கு முந்தைய வருஷமே காலனிக் கல்யாணங்களைச் செய்துவைக்கும் வள்ளுவர் குலத்துப் புரோகிதரிடம் போய் நாள் கேட்டாள். அவர் நல்ல மனுஷர். அவளையும் வேதகிரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கணக்குக்கு அறுபதுதான், நான் இல்லங்கல. ஆனா மணையில ஒக்கார வச்சா புள்ளைக்கும் ஆத்தாளுக்கும் கண்ணாலம் பண்றான்னு என்னத்தான் ஊரு காறித் துப்பும். ஒரு நரையாவது வரட்டும்மா, வாங்க" என்றார். சிட்டம்மாள் வீட்டுக்கு வந்ததும் பெரியவரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, உத்திரமேரூர் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சேட்டுவிடம் போய், இதைக் கொஞ்ச நாள் உங்கள் வீட்டில் படுக்க வையுங்கள் என்று விட்டுவிட்டு வந்தாள். புட்டி விலகினால் புருஷனுக்கு வயசு ஏறும் என்று அவள் கணக்கு.

வழியிலேயே அந்தக் கணக்கில் இருந்த ஓட்டை அவளுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு இருபத்தொன்பதிலிருந்து ஏற ஆரம்பித்தால் அவன் எந்தக் காலத்தில் அறுபதைத் தொடுவான்? அப்போது அவள் இருப்பாளா? அவனுடைய நரையும் கூனும் இருமலும் சுருக்கமும் புட்டிக்குள் அல்லவா கிடக்கிறது. இதை அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சேட்டு வீட்டில் ரகளை. புட்டியைச் சமையலறை மூலையில் படுக்க வைத்ததிலிருந்து உறை ஊற்றிய பால் தயிராகவில்லை. அரைத்து வைத்த மாவு பொங்கவில்லை. மாங்காய் ஊறவில்லை, உப்பு தனியாகவும் மாங்காய் தனியாகவும் ஜாடியில் முறைத்துக்கொண்டு இருந்தன. நாலாம் நாள் சேட்டு புட்டியைத் தானே தூக்கிக்கொண்டு காலனிக்கு வந்துவிட்டான். "எட்துக்கோம்மா, எம் பொண்டாட்டி என்ன வூட்ட வுட்டுத் தொரத்தறா" என்றான். ஆனால் வருவதற்கு முன் அவன் ஒரு காரியம் செய்திருந்தான். மெட்ராஸில் பழம்பொருள் வாங்கி விற்கும் தெரிந்தவர் ஒருவருக்குப் போன் போட்டு, தட்டை மலைப் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

அந்த வாரமே தாமோதரன் என்கிற அந்த ஆள் வாடகைக் காரில் காலனிக்கு வந்து இறங்கினார். நாற்பது வயசு, கழுத்தில் டை, கையில் வெள்ளைக் கையுறை. வாசலில் ஷூவோடு காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, பாய்க்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, போர்வையை விலக்கினார். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. இப்படி ஒரு ஒயின் அந்தத் தோட்டத்திலேயே இன்று கிடையாது என்றார். தென்னாப்பிரிக்காவோடு நம் நாட்டுக்குக் கொடுக்கல் வாங்கல் நின்று எத்தனையோ வருஷமாயிற்று, இது இங்கே இருப்பதே அதிசயம் என்றார். பழைய ஒயின்களைச் சேர்க்கிறவர்கள் பம்பாயிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைக் காட்டினால் அடித்துக்கொள்வார்கள் என்றார். "யாருங்க இவ்வளவு நல்லா வச்சிருந்தது? படுக்க வச்சே வச்சிருக்கீங்களே!" என்று அவர் கேட்டபோது வேதகிரி வெட்கப்பட்டுக் காலால் தரையைக் கீறினான். விலையாக அவர் நோட்டுக் கட்டைக் காட்டவில்லை. விவரமான ஆள், வரும் வழியிலேயே விசாரித்து வைத்திருந்தார். ஏரி மதகுக்குக் கீழே முத்துகிருஷ்ணன் விற்கவிருந்த ஒரு காணி நஞ்சையை இவர்கள் பெயருக்கு வாங்கி எழுதிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். வைகாசியில் வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார்.

அந்தக் காணி இவர்கள் இருவரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து நட்டு, களைபறித்து, அறுத்த காணி. வேதகிரி அன்று சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. "ஒரு காணிம்மே" என்றான். "நம்ம பேர்ல." நிலம் என்றால் என்ன என்று நிலம் இல்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவள் அதே காணியில் நடவுக்கு இறங்கினாள். முழங்கால் சேற்றில் நின்றபடி எல்லாவற்றையும் நடத்திப் பார்த்தாள். இது நம் நிலம். புருஷன் ஏர் ஓட்டுகிறான், இருபத்தொன்பது வயசில். நான் வரப்பில் கூழ்ச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறேன். வழியில் போகிறவர்கள், உன் மகன் நிலமா ஆயா, நல்லா உழறானே என்கிறார்கள். அந்த இடத்தில் அவள் கை நாற்றோடு நின்றுவிட்டது. சரி, அது போகட்டும், புட்டி எங்கே போகும்? அவள் அன்று முட்டி வலியையும் மறந்து வேகவேகமாக நட்டாள். கூட நட்ட பெண்கள் அவளைப் பிடிக்க முடியாமல் திட்டினார்கள்.

வைகாசியில் தாமோதரன் வந்தபோது, சிட்டம்மாள் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"வாங்கறவரு இத குடிச்சிடுவாருங்களா?"

"சில பேர் குடிப்பாங்க. முக்கால்வாசிப் பேர் குடிக்க மாட்டாங்கம்மா. அலமாரியில படுக்க வச்சிப் பூட்டி வைப்பாங்க. வர்றவங்களுக்குக் காட்டுவாங்க. அப்புறம் இன்னொருத்தருக்கு வித்துடுவாங்க."

"அப்போ ஒண்ணு எம் புருசன் வயச எவனோ குடிப்பான். இல்லன்னா அது சீமையில அலமாரிக்குள்ள பூட்டிக் கெடக்கும். அதான?" என்றாள் சிட்டம்மாள். அவளுக்குக் கோபம் இல்லை, கண்ணில் தண்ணீர்தான் முட்டிக்கொண்டு வந்தது. "இவ்ளோ வருசம் நான் தைலம் தேச்சி, போத்தி, கூட பேசிக்கினு இருந்தது அந்த வயசோட. எனக்கு நெலம் வேணாங்க. எனக்கு அது வேணும்."

தாமோதரனுக்கு முதலில் புரியவில்லை. அப்போது புட்டி ஒருமுறை இருமியது, புரிந்துவிட்டது. ஆனால் சொந்தக்காரன் அவள் இல்லையே. எல்லாரும் வேதகிரியைப் பார்த்தார்கள். அவன் வாசலில் குந்தியிருந்தான். திரண்ட தன் புஜத்தை ஒரு கையால் தடவிக்கொண்டு, "இத நான் குடிச்சிட்டா மூட்ட தூக்க முடியாது இல்ல?" என்று கேட்டான். முடியாது என்றாள் அவள். கூலி குறையும் என்றான். குறையட்டும் என்றாள். அவன் எழுந்து வந்து சொன்னான்: "வயசானாத்தான் மதிப்புன்னு எங்கப்பன் சொல்லிக்கினே இருப்பாரு. பாட்டிலுக்கு மட்டுந்தான் மதிப்பா? எனக்கும் வரட்டும்."

வேதகிரிக்கு அறுபது நிறைந்த நாளன்று காலனிக் கோவில் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டார்கள். அம்முலு மானாம்பதியிலிருந்து பழைய அரிசியாகப் பார்த்து ஒரு மூட்டை கொண்டுவந்தாள். புரோகிதர் வந்தார், ஆனால் மணைக்குப் பக்கத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளியே நின்றார். முத்துகிருஷ்ணனும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தாமோதரனும் வந்திருந்தார். புட்டியைத் திறந்துதர முடியுமா என்று சிட்டம்மாள் கேட்டபோது அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. இருபது வருஷமாகப் பழைய ஒயின் வாங்கி விற்கிறாராம், ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லையாம். தக்கையை வெளியே எடுக்க அவருக்கு அரைமணி நேரம் பிடித்தது. தக்கை வெளியே வந்ததும் புட்டி கடைசியாக ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. வாசனை பந்தலைத் தாண்டி ஏரிக்கரை வரை போயிற்று. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

பித்தளை டம்ளரில் ஊற்றி வேதகிரியிடம் கொடுத்தார்கள். அவன் ஒரு மிடறு விழுங்கினான். "என்ன வாசனை வருது? தேனா? பாதாமா?" என்று ஆவலை அடக்க முடியாமல் தாமோதரன் கேட்டார். வேதகிரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். "பூண்டு. பிள்ள பெத்த மருந்து. இது அம்முலு பொறந்த வருசம்" என்றான். இடது காதுக்கு மேலே ஒரு மயிர் வெளுத்தது. சிட்டம்மாள் கூவியே விட்டாள். அடுத்த மிடறில், "இது ஏரி ஒடைஞ்சிச்சே, அந்த வருசம். சேத்து வாட, ஆனா நல்லாகீது" என்றான். இன்னொரு மிடறுக்கு முகத்தைச் சுளித்தான், அது மழை பொய்த்து மரவள்ளிக்கிழங்கு தின்ற வருஷம், கசந்தது. அதற்கடுத்தது அம்முலு கல்யாணம், சாம்பாரும் வாழை இலையும் மல்லிகையும் ஒன்றாக மணந்தது. ஒவ்வொரு வருஷமும் உள்ளே இறங்க இறங்க வெளியே ஒவ்வொன்றாகத் தெரிந்தது. மீசை நரைத்தது, கன்னம் தொங்கியது, புஜம் தளர்ந்தது, முதுகு மெல்ல ஒரு வளைவு வளைந்தது. அம்முலுவின் மகள் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், நாலாவது டம்ளரில் தானாகவே, "தாத்தா, எனக்கும் கொஞ்சம்" என்றாள். பந்தலே கைதட்டியது. புரோகிதர் ஓடி வந்து மணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும் போதும், மூர்த்தம் தவறுது" என்றார். சிட்டம்மாள் விடவில்லை. "ஒரு வருசம்கூட மிச்சம் வைக்காத, எல்லாம் என்துதான்" என்று அடுத்ததை ஊற்றினாள். உனக்கு ஒரு வாய் வேண்டாமா என்று கேட்டதற்கு, என் வயசே எனக்குப் போதும் என்றாள்.

அடியில் ஒரு மடக்கு மிஞ்சியபோது வேதகிரி டம்ளரைத் தாமோதரனிடம் நீட்டினார். ஆமாம், நீட்டினார். இனி அவரை அவன் என்று எழுத முடியாது. தாமோதரன் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். அவருக்கு வந்தது எந்த வருஷம் என்று தெரியவில்லை, ஆனால் அன்றிலிருந்து மெட்ராஸில் பிறந்து வளர்ந்த அந்த மனுஷருக்கு நாற்றுமுடி கட்டத் தெரிந்தது, ஒரு காதோரம் நரைத்தது, மழை வருவதற்கு முன்னால் இடுப்பு சொல்லிவிட்டது. அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்படவில்லை என்று சேட்டு சொல்வான். வருஷா வருஷம் நடவுக்கு வந்து ஒருநாள் வயலில் இறங்கிவிட்டுப் போவார்.

சல்லடை பிடித்துத் தண்ணீர் ஊற்றினார்கள். நனைந்த வேதகிரி நடுங்கும் விரல்களால் தாலியைக் கட்டினார், முடிச்சு விழவில்லை, இன்னொரு தரம் முயன்றார். சிட்டம்மாள் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டே சிரித்த சிரிப்பில் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். முத்துகிருஷ்ணன் மொய் வைக்க எழுந்து வந்தார். அவருக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், மூட்டை தூக்க இப்படி ஓர் ஆள் இனி எங்கே கிடைப்பான். வழக்கம்போல "டேய்" என்று ஆரம்பித்தார். எதிரே இருந்த நரைத்த தலையைப் பார்த்ததும் அந்தச் சொல் வாயைவிட்டு வரவில்லை. "நல்லா இருங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். சோறு பொலபொலவென்று உதிர்ந்தது.

காணி வேறு ஒருவர் கைக்குப் போயிற்று. அதில் இவர்கள் இருவரும் முன்போலவே கூலிக்குத்தான் நட்டார்கள், முன்பைவிட மெதுவாக. காலனிக் கூட்டத்தில் வேதகிரி வாயைத் திறந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவர் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை, இருந்தாலும் நிறுத்தினார்கள். காஞ்சிபுரம் பஸ்ஸில் அதே கண்டக்டர், முன்சீட்டுப் பையன் ஒருவனை எழுப்பிவிட்டு, பெரியவரையும் அம்மாவையும் சேர்த்து உட்கார வைத்தான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்த சிட்டம்மாள் அன்று ஒவ்வொரு புளியமரத்தையும் பார்த்துக்கொண்டு போனாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. கல்யாணத்துக்கு மறுநாள் விடியற்காலையில் இருமல் சத்தம் கேட்டு அவள் விழித்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த இருமல். பழக்கத்தில் தைலத்தைத் தேடி எடுத்து, பாயின் இடது கோடிக்குக் கையை நீட்டினாள். அங்கே வெறும் தலையணைதான் இருந்தது. இருமல் பக்கத்திலிருந்து வந்தது.

"முட்டி இன்னாமோ கொடையுதும்மே" என்றார் வேதகிரி, குழப்பமாக. "இது எப்டி இருக்கும்னே எனக்குத் தெரியாம பூட்சே இவ்ளோ நாளு. உனக்கும் இப்டிதான் வலிச்சிதா?"

"காலக் குடு" என்றாள் சிட்டம்மாள். அவருடைய முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். தேய்த்து முடித்ததும் தன் காலைத் தூக்கி அவர் மடியில் போட்டு, "இப்போ என்துக்கு" என்றாள். வெளியே கோழி கூவியது, மாடுகள் போயின, கூப்பிட வந்த நடவு ஆட்கள் கூப்பிட்டுவிட்டுப் போனார்கள். இருவரும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள். தட்டை மலைப் படம் போட்ட அந்தப் புட்டியில் இப்போது முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய்தான் இருக்கிறது. அதை மாடத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள்.